செலவு: பூஜ்யம்

சித்தப்பாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் ரொம்ப நாளாக முடியாமல் கிடக்கிறது. அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி; நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். எண்ணைக் கண்டால் இரண்டு பேருக்குமே சும்மா இருக்க முடியாது. 2024 செப்டம்பரில் தேசிய சுகாதாரக் கணக்குகள் வெளியானபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் போட்டார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தது 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதம். படத்துக்குக் கீழே, "பாத்தியாம்மா, காப்பீடு வேலை செய்யுது. இனி என்ன சொல்லப்போற?" என்று எழுதியிருந்தார். உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன.

அவர் என்னைச் சீண்டியதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், காப்பீட்டால் மக்களின் மருத்துவச் செலவு குறைந்தது என்று அடித்துச் சொல்ல நம்மிடம் ஆதாரம் போதாது என்று நான் சொல்லிவைத்திருந்தேன். அதை அவர் காப்பீட்டுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொண்டார். எங்கள் அத்தைக்கு இதய அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் நடந்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிருக்கும். எங்கள் குடும்பத்துக்கு அது என்ன செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரு பொருளாதாரக் கொள்கை ஒரு நாட்டின் மருத்துவத்துக்கு என்ன செய்தது என்பதை அத்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வரைபடத்தைப் பார்த்தும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான் என் கட்சி.

58.7க்கும் 48.8க்கும் நடுவே

முதல் விஷயம், சித்தப்பா போட்ட வரைபடத்தில் இருப்பது ஒரு விகிதம். மேலே மக்கள் போட்ட பணம், கீழே எல்லாரும் சேர்ந்து போட்ட பணம். கீழே இருப்பது வீங்கினாலும் விகிதம் இறங்கும். 2020-21, 2021-22 இரண்டும் கொரோனா வருடங்கள். மொத்தச் செலவில் அரசின் பங்கு 2013-14இல் 28.6 சதவீதம், 2021-22இல் 48 சதவீதம். அரசு கூடுதலாகச் செலவழித்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அரசு தடுப்பூசி வாங்கியதால் அருப்புக்கோட்டையில் ஒரு குடும்பத்தின் மாத்திரைப் பில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. பில் அப்படியே இருக்க, விகிதம் மட்டும் கீழே போகும்.

இரண்டாவது விஷயம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. வருடாவருடம் எடுத்துப் பாருங்கள். 64.2, 62.6, 60.6, 58.7 என்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்த எண், 2017-18இல் ஒரேயடியாக 48.8க்கு விழுகிறது. அடுத்த வருடம் 48.2, அதற்கடுத்து 47.1 என்று மறுபடியும் நிதானம். எட்டு வருடத்தில் இறங்கிய 25 புள்ளியில் பத்து, அந்த ஒரு வருடத்தில் இறங்கியது. அந்த வருடம் அப்படி என்ன நடந்தது? ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்று சித்தப்பா சட்டென்று சொன்னார். அது தொடங்கியது 2018 செப்டம்பர் 23. 2017-18 நிதியாண்டு அதற்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிட்டது. பிறக்காத திட்டம் செலவைக் குறைத்திருக்க முடியாது.

அந்த வருடத்தில் மாறியது சர்வே. மக்கள் கையிலிருந்து எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு எந்தக் கருவூலத்திலும் ரசீது இல்லை; வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. தேசிய மாதிரி ஆய்வின் 71ஆவது சுற்று 2014 ஜனவரியிலிருந்து ஜூன் வரை 65,932 குடும்பங்களிடம் கேட்டது. 75ஆவது சுற்று 2017 ஜூலையிலிருந்து 2018 ஜூன் வரை 1,13,823 குடும்பங்களிடம் கேட்டது. இடையில் உள்ள வருடங்களுக்கு முந்தைய சுற்றின் எண்ணையே விலைவாசிக்கும் மக்கள்தொகைக்கும் தக்கபடி நீட்டிக்கொள்கிறார்கள். 2017-18க்குப் பிறகும் அதே கதைதான், 75ஆவது சுற்றை நீட்டுவதுதான். வரைபடத்தில் ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்காக மக்களிடம் நேரில் போய்க் கேட்டது இரண்டே தடவை. மீதியெல்லாம் கணக்கு வாத்தியார் வேலை.

"சரி, ரெண்டு தடவை கேட்டதுலயும் குறைஞ்சுதானே இருக்கு?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. மாநிலத் திட்டங்கள் அப்போதே இருந்தன என்றும் சொன்னார். இருந்தன. ஆந்திரத்தில் 2007லிருந்து ஆரோக்கியஸ்ரீ, நம் ஊரில் 2009லிருந்து கலைஞர் காப்பீடு, 2012லிருந்து அதன் இடத்தில் முதலமைச்சர் காப்பீடு. ஆனால் அவையெல்லாம் 2014 சர்வேயின்போதும் இருந்தவை. இரண்டு சர்வேக்கும் பொதுவாக இருந்த ஒன்றைக்கொண்டு இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை விளக்க முடியாது.

அப்புறம் அந்த இரண்டு சர்வேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், செலவை விட்டுவிட்டு மற்ற பக்கங்களை. கடந்த 15 நாளில் உடம்பு சரியில்லை என்று சொன்னவர்கள் 2014இல் கிராமத்தில் 8.9 சதவீதம், நகரத்தில் 11.8. 2017-18இல் கிராமத்தில் 6.8, நகரத்தில் 9.1. கடந்த ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், பிரசவம் நீங்கலாக, கிராமத்தில் 3.5 சதவீதம் என்பது 2.6 ஆகவும், நகரத்தில் 4.4 என்பது 3.4 ஆகவும் ஆகியிருந்தது. நான்கு எண்களும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்கின்றன. ஆக, செலவு குறைந்ததில் ஒரு பகுதி, சிகிச்சை மலிவானதால் வந்ததே அல்ல. நோய் என்று சொன்னவர்களே குறைவு, படுத்தவர்களே குறைவு. நான்கு வருடத்தில் இந்தியாவில் கால் பங்கு நோய் காணாமல் போய்விட்டது என்று நம்பினால் விவாதமே தேவையில்லை.

பருவகாலம் காரணமாக இருக்குமோ என்று யோசித்தேன். 15 நாள் கேள்வி பருவத்துக்கு ஆடும். 2014 சுற்று ஜனவரியிலிருந்து ஜூன் வரை மட்டும் நடந்தது, மழைக்காலக் காய்ச்சல் அதில் பெரும்பாலும் சிக்கவில்லை. 75ஆவது சுற்று முழு வருடம். அதிலும் தமிழ்நாட்டில் டெங்கு தலைவிரித்தாடிய 2017 அக்டோபர் அதற்குள் வருகிறது. நிலவேம்புக் குடிநீருக்கு ஊரே வரிசையில் நின்ற மாதங்கள். பருவம் ஏதாவது செய்திருந்தால் எண்ணை ஏற்றியிருக்க வேண்டும். இறங்கியது.

இன்னொரு சந்தேகம் 2016 நவம்பர் 8. 2017 ஜூலையில் ஒருவரிடம் "கடந்த ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா" என்று கேட்டால், அந்த ஒரு வருடத்துக்குள் பணமதிப்பிழப்பு முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பழைய நோட்டை வாங்கலாம் என்று விலக்கு இருந்தது, தனியாருக்கு இல்லை. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளைப் பலர் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஊகிக்கத்தான் முடியும். நான்கு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு சர்வேயை வைத்துக்கொண்டு நோட்டு, ஜிஎஸ்டி, காப்பீடு, கேள்வி கேட்ட விதம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. வேறு ஏதாவது வழி வேண்டும்.

அருப்புக்கோட்டைப் பக்கம்

எண்களோடு இப்படி மல்லுக்கட்டுவதற்கு எனக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தனியார் ஏஜென்சிக்காகக் கள ஆய்வாளராக அலைந்தேன். குடும்ப மருத்துவச் செலவு பற்றிய சர்வே. கேள்விகள் அரசு சர்வேயின் அச்சில் வார்த்தவை, ஆனால் பாதியாகக் குறைக்கப்பட்டவை. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மத்தியான வெயிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மா, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்காமலே உட்கார்ந்து பதில் சொன்னார். திண்ணையில் அவர் கணவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலைச் சுற்றி வேட்டிக் கிழிசலால் ஒரு கட்டு.

"கடந்த 15 நாள்ல வீட்டுல யாருக்காச்சும் உடம்புக்கு முடியாம இருந்துச்சாம்மா?"

"அப்படி ஒண்ணும் இல்ல தாயி."

நான் திண்ணையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "அதுவா, அது சக்கரைப் புண்ணு. அவருக்கு எப்பவும் அப்படித்தான். சீக்குன்னு எதுவும் இல்ல." நான் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவரே தொடர்ந்தார். "போன வருசம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க காசு ஒண்ணும் கேக்கல. ஆனா காலையில பஸ்ஸேறுனா ராத்திரிதான் திரும்ப முடியுது. ரெண்டு பேரு கூலி போகுது. மறுவாரம் வா, அதுக்கு மறுவாரம் வான்னாங்க. அப்புறம் போகல." செலவுக்கான கட்டங்களுக்கு வந்தோம். டாக்டர் பீஸ் இல்லை, மருந்து இல்லை, டெஸ்ட் இல்லை, படுக்கை இல்லை. மொத்தம்: பூஜ்யம். காரணம் கேட்கும் இடத்தில் "நோய் பெரிதாகத் தோன்றவில்லை" என்று ஒரு விடை இருந்தது. பெரிசா ஒண்ணும் இல்ல என்று அவரே சொன்னபிறகு வேறு எதைக் குறிப்பது?

அதே தெருவில் நாலைந்து வீடு தள்ளி ஒரு தையல்காரர் வீடு. மகளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி; காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள், பெருமையாக. டாக்டர் பீஸ் இல்லை, மருந்து இல்லை, டெஸ்ட் இல்லை, படுக்கை இல்லை. மொத்தம்: பூஜ்யம்.

சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்க்கும்போது இரண்டு தாள்களும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வந்தன. செலவுக் கட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரு வீட்டில் கொள்கை ஜெயித்திருந்தது, இன்னொரு வீட்டில் சிகிச்சையே கைவிடப்பட்டிருந்தது. சராசரி எடுக்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே எடை. இதைவிட மோசம் என்னவென்றால், புண் முற்றி, அந்த அம்மா கடன் வாங்கி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தால், எங்கள் அறிக்கையில் அந்தக் கிராமத்தின் நிலைமை "மோசமடைந்தது" என்று வந்திருக்கும். போகாததால் நன்றாக இருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். படிவத்தில் அதுக்குக் கட்டம் இல்லம்மா, ஓரத்தில எழுதி வை என்றார். எழுதினேன். ஓரத்தில் எழுதியதை யாரும் கணினியில் ஏற்றவில்லை.

நேர்மையாகச் சொன்னால், அரசின் சர்வே எங்கள் படிவத்தைவிடக் கவனமானது. நோய் இருந்தும் சிகிச்சைக்குப் போகாதவர்களைத் தனியாக எண்ணுகிறது, போக்குவரத்துச் செலவைத் தனியாகக் கேட்கிறது, கடன் வாங்கினாயா, எதையாவது விற்றாயா என்றும் கேட்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், "ஆமாம், நோய் இருந்தது" என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அங்கேதான் வழுக்குகிறது. 75ஆவது சுற்றில் கேரளத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 15 நாளுக்குள் உடம்பு சரியில்லாமல் இருந்ததாகச் சொன்னார். பீகாரில் சொன்னவர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். ஆயுள் எந்த ஊரில் அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். அமர்த்திய சென் இதை இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: மருத்துவமனையும் படிப்பும் அருகில் இருக்கிறவர்களுக்குத்தான் தங்கள் நோயை நோய் என்று அடையாளம் தெரிகிறது. வறுமை கூடும்போது வலி குறைவாகப் பதிவாகிறது. அப்படியிருக்க, ஒரு மோசமான பொருளாதார வருடத்தில் நோயாளிகளும் செலவும் சேர்ந்து குறைந்திருந்தால் அதை எப்படி வாசிப்பது?

உலக நாடுகள் ஐநா இலக்குக்காகப் பல வருடம் கணக்கிட்டுவந்த "பேரழிவுச் செலவு" அளவுகோலிலும் இதே ஓட்டை. குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல், அல்லது 25 சதவீதத்துக்கு மேல், மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் பேரழிவுக்கு உள்ளானதாகக் கணக்கு. மருத்துவத்துக்கே போகாத குடும்பம் அந்தக் கோட்டை ஒருநாளும் தாண்டாது. எனக்கு அந்த அளவுகோல் மீது கோபமே உண்டு, ஆனால் அது இன்னொரு பதிவுக்கு.

குலுக்கலும் எல்லைக்கோடும்

செலவு குறைந்தால் அது நிம்மதியா, கைவிடலா என்று பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு நான் முதலில் சொன்னது அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய பரிசோதனை. 1974லிருந்து 1982 வரை நடந்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முற்றிலும் இலவச மருத்துவம், சிலருக்குச் செலவில் 25 சதவீதம், சிலருக்கு 50, சிலருக்கு 95 சதவீதம் வரை அவர்களே (ஒரு வருட உச்சவரம்புக்குள்) போட வேண்டும் என்று காப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் குழுக்களுக்கு இடையில் தெரிகிற வித்தியாசத்துக்குக் காப்பீடுதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். 95 சதவீதக் குழுவின் மருத்துவச் செலவு இலவசக் குழுவைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. பார்த்தீர்களா, கைக்காசு போட வைத்தால் மக்கள் வீண்செலவைக் குறைக்கிறார்கள் என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் எந்தச் சிகிச்சை குறைந்தது என்றும் பார்த்திருந்தார்கள். தேவையில்லாததும் குறைந்தது, தேவையானதும் அதே அளவுக்குக் குறைந்தது. சராசரி ஆரோக்கியத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் முக்கியமாக, ஏழைகளாகவும் ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர்களாகவும் இருந்தவர்களுக்கு இலவச மருத்துவம் அழுத்தத்தைக் குறைத்தது. சராசரியைப் பிரித்து உள்ளே பார்க்காமல் இருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அடுத்தது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். 2008இல் அங்கே ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் சுமார் 10,000 பேருக்குத்தான் பணம் இருந்தது. பெயர் கொடுத்தவர்கள் சுமார் 90,000 பேர். வேறு வழியில்லாமல் குலுக்கல் போட்டார்கள். ஆராய்ச்சிக்காகப் போட்ட குலுக்கல் அல்ல, நியாயத்துக்காகப் போட்டது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது லட்டு மாதிரி கிடைத்தது. முடிவுகளை எந்தக் கட்சிக்காரரும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை. காப்பீடு கிடைத்தவர்கள் அதிகமாக மருத்துவமனைக்குப் போனார்கள், அவசரப் பிரிவுக்குக்கூட 40 சதவீதம் அதிகமாக. இரண்டு வருடத்தில் இரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரையிலும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. பேரளவு மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போனது. இங்கே செலவு குறைந்ததை நிம்மதி என்று நம்பிச் சொல்லலாம், ஏனென்றால் மருத்துவமனைக்குப் போவது கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். போவது கூடி, கைச்செலவு குறைந்தால் ஒரு அர்த்தம். போவதும் செலவும் சேர்ந்து குறைந்தால் வேறு அர்த்தம். இந்தியாவின் 2014க்கும் 2017-18க்கும் நடுவே நடந்தது இரண்டாவது வகை.

"அமெரிக்கா நமக்கெதுக்கு?" என்றார் சித்தப்பா. எதிர்பார்த்த கேள்விதான். பக்கத்துக் கர்நாடகத்துக்கு வந்தோம். அங்கே வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ என்று ஒரு திட்டம் 2010இல் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு இதயம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகள் இலவசம். முதலில் மாநிலத்தின் வடபகுதியில் மட்டும், தெற்கே பிறகு. அந்த எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் கிராமங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். ஒரே மண், ஒரே பேச்சு, ஒரே சந்தை. ஒரு பக்கம் திட்டம் உண்டு, மறுபக்கம் இன்னும் இல்லை. திட்டத்தில் அடங்கும் நோய்களால் இறந்தவர்கள் வடபக்கத்து ஏழைக் குடும்பங்களில் 0.32 சதவீதம், தென்பக்கத்தில் 0.90 சதவீதம். இந்த வித்தியாசத்தைவிட எனக்குப் பிடித்தது அடுத்த வரி. வறுமைக்கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் திட்டம் கிடையாது. அவர்களிடையே எண்ணிக்கை 0.56, 0.55. வடபக்கத்துத் தண்ணீரோ காற்றோ காரணமாக இருந்தால் அவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். தன் முடிவு தப்பாக இருந்தால் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று தானே தேடிப்போய்ப் பார்க்கிற ஆய்வைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை வரும். அதோடு, இங்கே எண்ணியது மரணத்தை. "பெரிசா ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அதை மறைக்க முடியாது.

சித்தப்பா ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்போது அதே கர்நாடகத்தின் இன்னொரு ஆய்வையும் எடுத்தேன். மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா, ஒரு குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய் வரை. மைசூர், குல்பர்கா மாவட்டங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, சிலருக்கு அந்தக் காப்பீட்டை இலவசமாகக் கொடுத்தார்கள், சிலருக்கு விலைக்கு விற்றார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. இலவசம் என்றபோது ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வாங்கினார்கள். முழு விலைக்கே கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் வாங்கினார்கள், அது எனக்கு ஆச்சரியம். காப்பீட்டைப் பயன்படுத்துவது கூடியது. ஆனால் பயன்படுத்த முயன்று முடியாமல் திரும்பியவர்களும் நிறைய. ஆரோக்கியத்தில் அளந்த ஏராளமான விஷயங்களில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

ஒரே மாநிலம். ஒன்றில் மரணமே குறைகிறது, இன்னொன்றில் ஒன்றுமே மாறவில்லை. இதில் எது பொய் என்று சித்தப்பா கேட்டார். எதுவும் பொய் இல்லை என்பது என் எண்ணம். முதல் திட்டம் உயிரை எடுக்கும் நோய்களுக்கு, ஏழைகளுக்கு; முகாம் போட்டு, நோயாளியைக் கிராமத்திலேயே கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. இரண்டாவது சிறிய தொகை, நடுத்தரச் சிகிச்சைகள். பரிசோதனையில் இருந்தவர்களும் பெரும்பாலும் வறுமைக்கோட்டுக்கு மேலே உள்ளவர்கள், அட்டையை எங்கே எப்படிக் காட்டுவது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுதான் உயர்ந்தது, எல்லைக்கோட்டு ஆய்வு இரண்டாம்பட்சம் என்று பாடப்புத்தகத்தில் நானே நடத்துகிறேன். அந்தத் தரவரிசை, ஒரே கேள்விக்கு இரண்டு விடை வரும்போது உதவும். இங்கே கேள்விகளே வேறு. "காப்பீடு வேலை செய்கிறதா" என்பது ஒரு கேள்வியே இல்லை. எந்தக் காப்பீடு, யாருக்கு, எந்த நோய்க்கு, எதை அளந்து என்று நாலு துண்டாக உடைத்தபிறகுதான் அது கேள்வியாகிறது. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவருக்கு இந்த இரண்டு திட்டத்தில் எதுவும் உதவியிருக்காது. அவருக்கு வேண்டியது வாராவாரம் கட்டு மாற்றவும் மாதாமாதம் மாத்திரை கொடுக்கவும் பக்கத்தில் ஒரு ஆள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. அதன் பலனைக் கைச்செலவில் தேடினால் அந்த வீட்டில் பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்குத்தான் போயிருக்கும்.

"அப்போ எதைப் பாத்தா நீ ஒத்துக்குவ?" என்று கடைசியில் சித்தப்பா கேட்டார். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வாயால் கேட்பதோடு கருவியாலும் அளக்க வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வு 2015-16லிருந்து வீட்டுக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது, ஆனால் அது குடும்பத்தின் மருத்துவச் செலவை விரிவாகக் கேட்பதில்லை. செலவை விரிவாகக் கேட்கிற தேசிய மாதிரி ஆய்வு கருவியை எடுத்துப் போவதில்லை. ஒரே வீட்டில் இரண்டையும் செய்தது எனக்குத் தெரிந்து முதியோருக்கான லாசி ஆய்வு. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய கணவர் அல்லது மனைவி என்று 72,000 பேருக்கு மேல். இரத்த அழுத்தம் அளந்தார்கள், மருத்துவமனைக்குப் போனதையும் செலவையும் கேட்டார்கள். முதல் சுற்று 2017-18இல், ஆயுஷ்மான் பாரத் வருவதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிட்டது. திரும்பவும் அதே ஆட்களைத் தேடிப்போவதாகத்தான் அதன் திட்டமே. அப்படிப் போனால் ஒரே மனிதரின் அழுத்தமும், அவர் சிகிச்சைக்குப் போனாரா என்பதும், குடும்பம் போட்ட பணமும், திட்டத்துக்கு முன்னும் பின்னுமாகக் கையில் கிடைக்கும். செலவுக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அது எந்தப் பூஜ்யம் என்று அழுத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுவில் கொரோனா புகுந்துவிட்டது என்பதுதான் தொல்லை. அதைக் கழிப்பதற்கு, திட்டத்தில் சேராத மாநிலங்களை எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கும். மேற்கு வங்கம் 2019இல் வெளியேறியது, ஒடிசாவும் டெல்லியும் பல வருடம் சேரவே இல்லை. அங்கெல்லாமும் கொரோனா வந்தது, ஆயுஷ்மான் பாரத் மட்டும் இல்லை. ஆனால் ஒடிசாவிலும் வங்கத்திலும் அந்தந்த மாநிலத்தின் சொந்தக் காப்பீடு ஓடிக்கொண்டிருந்ததே என்று சித்தப்பா கேட்டார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.